பழவேற்காட்டுக்கு ஒரு நாள்: இருவராகப் போய் மீன் வாங்கிச் சாப்பிட்டு வர

சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, அன்று பிடித்த மீனைப் பார்த்து வாங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஓர் ஊர் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் பழவேற்காட்டைத்தான் சொல்வேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளமும் மாமல்லபுரமும் இருக்கின்றன, ஏசி அறையும் மெனு கார்டும் அங்கே கிடைக்கும். பழவேற்காட்டில் அதெல்லாம் குறைவு. ஆனால் கடலும் ஏரியும் கலக்கும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதுதான். கடலில் பிறக்கும் எறாக் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. அப்படி ஏரியில் வளரும் எறாவுக்கும் சேற்று நண்டுக்கும் உள்ள இனிப்பு வேறு.

கணவன் மனைவியாக முதல் தடவை போகிறவர்கள் ஒன்றை மட்டும் கிளம்பும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு வஞ்சிரம்தான்" என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். அன்று வலையில் என்ன வந்ததோ அதுதான் அன்றைய சாப்பாடு. அதை ஏற்றுக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஊர் அள்ளிக் கொடுக்கும்.

எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். வெயில் தாங்கும், பூநாரைகளும் ஏரியில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகு எதுவும் இறங்காது, அதனால் முந்தைய இரவே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் போகும், ஏரியிலும் மீன் பிடிப்பார்கள். பெரிய கடல் மீன் குறைவாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மே மாத வெயிலில் அந்த ஊரில் நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும், அதைத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாதது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ராக்கெட் பார்க்க வரும் கூட்டம் வேறு சேர்ந்துகொள்ளும். நீங்கள் போகும் தேதியில் ஏவுதல் இருக்கிறதா என்று இஸ்ரோ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் விலையும் அதிகம். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். வார நாளில் ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

போகும் வழி

சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காரிலோ பைக்கிலோ போனால் செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, தச்சூர் கூட்டுச்சாலையில் வலது பக்கம் திரும்பிப் பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காடு. மணலி, மீஞ்சூர் வழியும் உண்டு. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையை நிறைத்திருக்கும், பைக்கில் போகிற தம்பதிக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். எந்த வழியானாலும் ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும்.

வண்டி இல்லாவிட்டால் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், சுமார் ஒரு மணி நேரம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் போகின்றன, 20 கிலோமீட்டருக்குள்தான். திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரலாம்.

பொன்னேரி இரண்டு விஷயத்துக்கு முக்கியம். பணம் எடுப்பதாக இருந்தால் அங்கேயே எடுத்துவிடுங்கள், நூறு ஐம்பது தாளாக இருக்கட்டும். கழிப்பறைக்கும் அங்கேயே போய்விடுங்கள். பழவேற்காட்டில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம். பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து வெயிலில் மயங்குகிறார்கள். வழியில் பெட்ரோல் பங்கில் நிற்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கையில் என்னென்ன வேண்டும் என்றால்: நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு, தொப்பி அல்லது குடை, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பழைய துண்டு, மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்று, அதற்குள் இரண்டு மூன்று கெட்டியான பிளாஸ்டிக் பைகள். சோப்பு ஒரு துண்டு, எலுமிச்சம்பழம் இரண்டு. நண்டு சாப்பிட்ட கை வாசனை போக எலுமிச்சையை விடச் சிறந்தது எதுவும் இல்லை.

காலை ஏழரைக்குள் சந்தைக்கு

வீட்டிலிருந்து ஐந்தரைக்குள் கிளம்புங்கள். இதில் சமரசமே கிடையாது. இரவில் வலை போட்டவர்கள் விடியும்போது கரைக்கு வருகிறார்கள். நல்ல நண்டும் பெரிய எறாவும் முதலில் வியாபாரிகள் கைக்குப் போய்விடும். பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரை விமானம் ஏறுகிற சரக்கு. பத்து மணிக்குப் போனால் அவர்கள் கழித்துவிட்டுப் போனதுதான் உங்களுக்கு.

போனவுடன் வாங்காதீர்கள். முதலில் ஒரு சுற்று சும்மா நடந்து பாருங்கள். விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "அக்கா, இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்பதுதான் சரியான முதல் கேள்வி. "என்ன விலை?" என்று ஆரம்பித்தால் விலைதான் பதிலாக வரும். என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் கூடையைச் சாய்த்துக் காட்டி, எது ஏரியிலிருந்து வந்தது, எது கடலிலிருந்து வந்தது, எதைக் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி: "ஏரி மீனா, கடல் மீனா, ஐஸ் மீனா?" வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மீனும் அங்கே விற்கும். எறாவில் பண்ணை எறாவும் கலந்திருக்கும், சுற்றுவட்டாரத்தில் எறாப் பண்ணைகள் நிறைய. நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள்.

பெரிய மீன் எடை போட்டு விற்பார்கள், சின்ன மீனும் பொடி எறாவும் கூறு வைத்து. கூறு வாங்கும்போது மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல், அடியிலும் ஒருமுறை புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டுப் பேசி வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எறா எப்படி வந்தது என்று தெரிந்தால் பேரம் பேச மனம் வராது. இங்கே இருளர் பெண்கள் ஆழமில்லாத ஏரித் தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவித் தடவி எறா பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தூக்கிக்கொண்டே நகர்வார்கள். மணிக்கணக்கில் அப்படி. வலை கட்டுகிறவர்களுக்கும் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். அதைப் பாடு என்பார்கள். தன் முறை வராத நாளில் அந்த வீட்டுக்கு அந்த இடத்து வருமானம் இல்லை.

எதைப் பார்த்து வாங்குவது

எறாவுக்குத் தலையைப் பாருங்கள். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தொட்டால் ஆடுகிறது, கழுத்துப் பக்கம் கறுத்திருக்கிறது என்றால் நேற்றையது. ஓடு பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் வழுக்காது. ஒரு கிலோ எறாவைத் தலையும் ஓடும் நீக்கினால் ஏறத்தாழ பாதிதான் தேறும். இரண்டு பேருக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை போதும்.

மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் துருத்திக்கொண்டு, தெளிவாக இருக்கும். வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்தி எடுத்தால் குழி உடனே மறைய வேண்டும். மூக்கை நம்புங்கள்: நல்ல மீனில் கடல் வாசனைதான் வரும், கவிச்சி வராது. ஏரியில் வரும் மீன்களில் மடவை குழம்புக்கு மிக நன்றாக இருக்கும். கொடுவா கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முள் குறைவு, சதை வெள்ளை வெளேர் என்று இருக்கும், மீன் சாப்பிட்டே பழகாத ஆளுக்கும் பிடித்துப்போகும். கிழங்கான் வறுக்க. இருவரில் ஒருவருக்கு முள் பயம் இருந்தால் கொடுவாவோ கடம்பாவோ (கணவாய் வகை) போதும்.

நண்டு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சேற்று நண்டு, பச்சை நண்டு என்றும் சொல்வார்கள், உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். செத்த நண்டு வேகமாகக் கெடும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கொடுக்கைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை எக்காரணம் கொண்டும் அவிழ்க்காதீர்கள், விரலை நசுக்கிவிடும்.

கட்டிய நண்டைக் கையில் வாங்கி எடை பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய கனம் இருந்தால் சதை நிறைந்தது. பெரிதாகத் தெரிந்தும் லேசாக இருந்தால், அது சமீபத்தில் ஓடு கழற்றியது. உடைத்தால் தண்ணீர்தான் வரும். அப்புறம் அதைத் திருப்பி, அடிவயிற்று ஓட்டைக் கால் சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். கல் மாதிரி நின்றால் வாங்கலாம். அடிவயிற்றில் மடிந்திருக்கும் மூடி குறுகலான முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கொடுக்குச் சதை வேண்டுவோர் ஆண் நண்டு வாங்குவார்கள். பௌர்ணமியை ஒட்டிப் பிடிக்கும் நண்டில் சதை குறைவு, அமாவாசை நண்டுதான் நிறைவு என்று மீனவர்கள் சொல்வார்கள். விற்கிற அக்காவிடமே அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நன்றாக வளரும்.

வயிற்று மூடிக்கு வெளியே முட்டைத் திரள் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் நண்டையும், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி நண்டையும் வாங்காதீர்கள். மணல் மூடி முகத்துவாரம் அடைபடும்போது அந்த ஏரிக்குள் புதிய எறாவும் நண்டும் வருவதே குறைந்துபோகிறது. முட்டையோடு இருப்பதையும் நாம் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் அந்த வீடுகளுக்கு என்ன மிஞ்சும்?

இரண்டு பேருக்கு இரண்டு நடுத்தர நண்டு, அரைக் கிலோ எறா, ஒரு மீன். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

சமைக்கக் கொடுப்பது

மீனை வாங்கிய இடத்திலோ பக்கத்திலோ ஆய்ந்து, வெட்டிக் கொடுக்க ஆள் உண்டு. அதற்குத் தனியாகப் பணம், அதைப் பேசி முடித்துவிட்டுக் கொடுங்கள். எறாவின் முதுகு நரம்பை எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

ஊரில் சின்னச் சின்ன மெஸ்கள் இருக்கின்றன. நாம் கொண்டுபோகும் மீனைச் சமைத்துத் தரச் சிலர் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு ஒன்பது மணிக்குள் கேட்டாக வேண்டும், மதியச் சாப்பாட்டு அவசரம் தொடங்கிவிட்டால் யாருக்கும் கை ஓயாது. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் மீன் விற்ற அக்காவையே கேளுங்கள். அவர் கைகாட்டும் இடத்தில் நல்ல சாப்பாடு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கொடுக்கும்போதே நான்கைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எது குழம்பு, எது வறுவல், காரம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வருவீர்கள். சமையல் கூலியில் சோறும் ரசமும் சேர்த்தியா என்று கேளுங்கள். என் சிபாரிசு: மடவை குழம்பு, எறா தொக்கு, நண்டு மிளகு போட்டு. நண்டை மட்டும் மசாலாவில் மூழ்கடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு நல்ல நண்டுக்கு மிளகும் பூண்டும் போதும்.

எதையும் கொண்டுபோகாமல் நேராக மெஸ்ஸில் உட்கார்ந்து, அன்று அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம். முதல் தடவை போகிறவர்கள், கையில் மீனோடு அலையத் தயங்குகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

சாப்பாடு வேகும் வரை

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் நேரம். முதலில் டச்சுக்காரர் கல்லறைக்குப் போங்கள், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் எழுத்தும் குலச் சின்னங்களும் முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் கூர்மையாக இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது இருந்தது. துணியும் வெடிமருந்தும், அடிமைகளாகப் பிடித்த மனிதர்களும்கூட இங்கிருந்துதான் கப்பல் ஏறினர். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிய மேடும் அகழியும்தான், அதைத் தேடிப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஊரின் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும்.

பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கப் பக்கம் போனால் கடற்கரை. காலை நனைக்கலாம், குளிக்க இறங்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

பூநாரைகள் பழவேற்காட்டுக் கரையிலிருந்து தெரிந்தாலும் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். கிட்டத்தில் பார்க்க ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைக்குத்தான் போக வேண்டும். அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு சவாரி வேண்டவே வேண்டாம்

"வாங்க சார், ஏரியைச் சுத்திக் காட்றேன்" என்று யாராவது கூப்பிடலாம். மனைவி ஆசைப்படுகிறார், கணவர் ஆசைப்படுகிறார் என்று ஏறிவிடாதீர்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான். உயிர்காப்பு உடையும் இல்லாமல், ஆட்களை ஏற்றக் கட்டாத படகில் உட்கார்ந்து எடுக்கும் போட்டோ யாருக்கும் தேவையில்லை.

உட்கார்ந்து சாப்பிடுவது

பன்னிரண்டரைக்கு உட்காருங்கள். நண்டை முதலில் எடுங்கள், ஆறினால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டுப் பழக்கமில்லாதவர்கள் கால்களிலிருந்து தொடங்கலாம். காலை மூட்டில் திருகி இழுத்தால், சில சமயம் உள்ளிருக்கும் சதை முழுசாக உருவிக்கொண்டு வரும். நடு உடம்பை இரண்டாகப் பிளந்தால் உள்ளே மெல்லிய சுவர்களோடு சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் வெள்ளைச் சதை. பக்கவாட்டில் பஞ்சு விரல்கள் மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பவை செவுள்கள், அவற்றைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். கொடுக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லால் கடிக்காதீர்கள், மெஸ்ஸில் ஒரு சின்ன உலக்கையோ கல்லோ கேட்டால் தருவார்கள், லேசாக ஒரே ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் ஓட்டுச் சில்லு சதைக்குள் போய்விடும். உங்களில் ஒருவருக்கு உடைக்க வரும், ஒருவருக்கு வராது. வருபவர் உடைத்துக் கொடுங்கள். மெதுவாகச் சாப்பிட நண்டைப் போல வாய்ப்புத் தரும் சாப்பாடு வேறு இல்லை, போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இருவரில் யாருக்காவது எறா, நண்டு சாப்பிட்டு முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், இங்கே வந்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டாம். நல்ல மருத்துவமனை பக்கத்தில் இல்லை. அவர்களுக்குக் கொடுவா இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய், சமைத்தவரிடம் குழம்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். பணம் கொடுத்தோம், முடிந்தது என்று எழுந்து போவது அந்த ஊரில் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு எடுத்துவருவது

வீட்டுக்கு மீன் வேண்டும் என்றால் காலையிலேயே வாங்கி, ஆய்ந்து, ஐஸில் போட்டுவிடுங்கள். மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் வேண்டும். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் பையில் கட்டிய மீன், மேலே இன்னொரு அடுக்கு. மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். உயிர் நண்டை ஐஸுக்குள் புதைக்காமல், ஈரத் துண்டில் சுற்றிக் காற்றுப் போகிற பையில் தனியாக எடுத்துவாருங்கள். வெட்டுவதற்கு முன் ஐஸில் வைத்து நன்றாக மரத்துப்போக விடுங்கள், உங்கள் விரலுக்கும் ஆபத்து இல்லை.

பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்கள் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் கஷ்டப்படுவார். கருவாடு வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதற்கு மேல் செய்தித்தாள் சுற்றி, அதற்கு மேல் துணிப்பை.

மூன்று மணிக்குக் கிளம்பினால் செங்குன்றம் நெரிசலுக்கு முன்பே நகரத்துக்குள் வந்துவிடலாம். வந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பெட்டியை உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கழுவி வெயில் படும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். அன்றே கழுவாத பெட்டியின் வாசனை பிறகு எதற்கும் போகாது.